உங்கள் நடையை போன் அளக்கிறது: அந்த எண்களை எப்படி வாசிப்பது?

ராத்திரி படுக்கும் முன் போனில் ஒரு எண்ணைப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. 6,214 அடி. 8,930 அடி. பத்தாயிரத்தைத் தொட்டுவிட்டால் ஒரு சின்ன சந்தோஷம். தொடவில்லையென்றால் மொட்டைமாடியில் இன்னும் ரெண்டு சுற்று.

அதே போன் வேறு சில விஷயங்களையும் சத்தமில்லாமல் குறித்துக்கொண்டே இருக்கிறது. என்ன வேகத்தில் நடக்கிறீர்கள், ஒவ்வொரு அடியும் எவ்வளவு நீளம், இடது காலும் வலது காலும் ஒரே தாளத்தில் போகின்றனவா, இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் இருக்கும் நேரம் எவ்வளவு. ஐபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஹெல்த் செயலிக்குள் இவை இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அடி எண்ணிக்கையைவிட இந்த எண்கள்தான் உடல்நிலையைப் பற்றி அதிகம் சொல்கின்றன. குறிப்பாக, வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவின் உடல்நிலையைப் பற்றி. ஆனால் இவை ஏமாற்றவும் செய்யும். தவறான கைக்குப் போனால் நமக்கே எதிராகவும் திரும்பும்.

பத்தாயிரம் என்ற இலக்கு யார் வைத்தது?

முதலில் அந்தப் பிரபலமான எண். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘மான்போ-கெய்’. ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள். விற்பனைக்காக வைத்த பெயர் காலப்போக்கில் உலகம் முழுக்க ஆரோக்கிய இலக்காகிவிட்டது.

ஆய்வுகள் அந்த எண்ணைப் பெரிதாக ஆதரிக்கவில்லை. 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைக் கவனித்தது. தினமும் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடி வாக்கில் அந்தப் பலன் மேற்கொண்டு கூடாமல் நின்றுவிட்டது.

நடப்பது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் தவறிப்போகிறது. விறுவிறுவென்று ஆபீஸுக்கு நடந்த 30 வயதுக்காரரும், சுவரைப் பிடித்து, ஒரு காலை லேசாக இழுத்து வீட்டுக்குள்ளேயே நடந்த 70 வயதுக்காரரும் ஒரே நாளில் 4,000 அடி நடந்திருக்கலாம். செயலி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

நடை என்ன சொல்கிறது?

ஒரு குதிகால் தரையைத் தொடுவதில் தொடங்கி, அதே குதிகால் மறுபடி தரையைத் தொடுவது வரை ஒரு நடைச் சுழற்சி. சாதாரண நடையில் இதில் சுமார் 60 சதவீத நேரம் அந்தப் பாதம் தரையில் ஊன்றியிருக்கும். 40 சதவீதம் காற்றில் முன்னே வீசும். இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரம், சுழற்சியில் கிட்டத்தட்ட 20 சதவீதம்.

விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்தால் உடம்பு முதலில் மாற்றுவது இந்தக் கணக்கைத்தான். ஈரமான குளியலறையில் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடி சின்னதாகும், வேகம் குறையும், இரண்டு கால்களும் தரையில் இருக்கும் நேரம் கூடும். சமநிலை தளர்ந்த முதியவர்கள் காய்ந்த தரையிலும் அப்படியே நடக்கிறார்கள். முழங்கால் வலி இருப்பவர் வலிக்கும் காலில் குறைந்த நேரமே ஊன்றுவார். பார்க்கின்சன் நோயின் ஆரம்பத்தில் ஒரு கையின் வீச்சு மட்டும் குறையலாம்.

எல்லாவற்றிலும் எளிமையானது வேகம். 2011-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 65 வயதைத் தாண்டிய 34,485 பேரின் நடை வேகத்தையும் அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதையும் ஒப்பிட்டது. வேகமாக நடந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு அடி எடுத்து வைக்க இதயம், நுரையீரல், தசை, மூட்டு, கண், உள்காது, நரம்பு, மூளை எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும். இவற்றில் எது தளர்ந்தாலும் நடையில் தெரியும்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, கீழே விழுவதால் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். “அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க” என்று வரும் அந்த ஒரு போனுக்குப் பிறகு இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை என்று ஒரு குடும்பமே புரண்டு போகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் நடை மாறியிருக்கலாம். நாம் அதை “வயசாயிடுச்சு, அதான்” என்று கடந்திருப்போம். இப்போது அதைப் பார்க்க நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. பேச வேண்டிய விஷயம் அதுதான்.

சில்லுக்குள் என்ன நடக்கிறது?

நடையை அளக்கும் ஆசை பழையது. 1870-களில் பாரிஸில் எத்தியேன்-ஜூல் மரே என்ற உடலியல் அறிஞர், காலணியின் அடியில் காற்றறை வைத்து, பாதம் அழுத்தும்போதெல்லாம் கோடு விழும்படி ஒரு கருவி செய்தார். 1890-களில் ஜெர்மனியில் பிரௌனே, ஃபிஷர் என்ற இருவர் ஒரு சிப்பாயின் உடலில் ஒளிரும் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். சில அடிகளைப் பதிவு செய்ய மணிக்கணக்கில் தயாரிப்பு வேண்டியிருந்தது. இன்றைய நவீன நடை ஆய்வகங்களும் பெரிய அறை, பல கேமராக்கள், தரையில் பதித்த விசைத் தட்டுகள் என்று செலவு பிடித்தவைதான்.

உங்கள் போனில் இருப்பது அரிசி மணி அளவுள்ள ஒரு சில்லு. அதில் இரண்டு கருவிகள் முக்கியமானவை.

ஒன்று, முடுக்கமானி. சில்லுக்குள் சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று, நுண்ணிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. போன் அசைந்தால் அந்த எடை இம்மியளவு பின்தங்கும். அருகில் உள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி மாறும். அந்த மாற்றம் மின் அளவாகப் பதிவாகும். போன் மேசையில் சும்மா கிடக்கும்போதும் இது 9.8 என்று காட்டும். அது புவியீர்ப்பின் கணக்கு.

இன்னொன்று, கைரோஸ்கோப். இதில் ஓர் எடை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். போன் திரும்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் தள்ளப்படும். தள்ளப்பட்ட அளவிலிருந்து போன் எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்று தெரியும். தொடை முன்னும் பின்னும் வீசுவதை இது பிடிக்கிறது.

இரண்டும் நொடிக்கு நூறு முறை போல அளந்தால், நடை ஒரு அலையாகத் தெரியும். குதிகால் தரையில் மோதும்போது ஒரு கூர்மையான உச்சி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி நடப்பவரிடம் நொடிக்கு இரண்டு உச்சிகள். இதை நீங்களே பார்க்கலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலியில் முடுக்கத்தைத் திறந்து, போனைப் பாக்கெட்டில் போட்டு இருபது அடி நடந்து பாருங்கள். பிறகு ஒரு காலைக் கொஞ்சம் நொண்டி நடந்து பாருங்கள். இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கணக்கு எங்கே தடுமாறுகிறது?

அடி எண்ணுவது சுலபம். உச்சிகளை எண்ணினால் போதும். அடியின் நீளத்தையும் வேகத்தையும் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

பள்ளியில் படித்ததுதான்: முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், மறுமுறை தொகையிட்டால் தூரம். ஆனால் அளவில் உள்ள சின்னப் பிழையும் சேர்ந்து தொகையாகிவிடும். புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் தூரக் கணக்கு 18 மீட்டர் தப்பாகும். பத்து நிமிடத்தில் 1.8 கிலோமீட்டர்! நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், கணக்கு உங்களைப் பக்கத்து ஏரியாவில் நிறுத்திவிடும்.

பாதத்தில் சென்சார் கட்டுபவர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது ஒவ்வொரு பாதமும் தரையில் ஊன்றும் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம் என்று உறுதியாகத் தெரியும். எனவே ஒவ்வொரு ஊன்றலிலும் கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடலாம். பிழை சேரும் முன்பே துடைத்தாகிவிடும்.

இடுப்பில் அல்லது பாக்கெட்டில் இருக்கும் சென்சாருக்கு அந்த வசதி இல்லை. இடுப்பு எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே பயன்படும் வழிகளில் ஒன்று இது: ஒவ்வொரு அடியிலும் உடல் சில சென்டிமீட்டர் மேலே ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தையும் காலின் நீளத்தையும் வைத்து அடியின் நீளத்தை மதிப்பிடலாம். உங்கள் உயரத்தைச் செயலி கேட்பது இதற்காகத்தான். உயரத்தைத் தப்பாகப் போட்டிருந்தால் வேகமும் தப்பாகத்தான் வரும்.

அடுத்த சிக்கல், போன் எங்கே இருக்கிறது என்பது. இந்த நடைக் கணக்குகள் போன் இடுப்புக்கு அருகில், பாக்கெட்டில் இருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டவை. நம் ஊரில் புடவைக்கு ஏது பாக்கெட்? பல சுடிதார்களிலும் கிடையாது. அம்மாவின் போன் ஹேண்ட்பேக்கில் இருக்கும். வீட்டுக்குள் நடக்கும்போது டிவி பக்கத்தில் சார்ஜில் இருக்கும். வீட்டில் யாருடைய நடையை முக்கியமாகக் கவனிக்க வேண்டுமோ, அவருடைய நடைதான் பதிவாகாமல் போகிறது. ஷூவுக்குள் வைக்கும் சென்சார்கள் வந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. நாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடப்பவர்கள்.

மணிக்கட்டு வாட்சுக்கு வேறு பிரச்சினை. வாக்கர் பிடித்து நடப்பவரின் கை வீசாது, அடிகள் விட்டுப்போகும். காலைத் தேய்த்து மெதுவாக நடப்பவரிடம் குதிகால் மோதும் உச்சியே மங்கலாக இருக்கும். ஆக, நன்றாக நடப்பவர்களைச் சென்சார் நன்றாக அளக்கிறது. தடுமாறி நடப்பவர்களிடம் தானும் தடுமாறுகிறது. எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இதை முதல் பக்கத்தில் சொல்வதில்லை.

பிறகு ஏன் மருத்துவ உலகம் இதை விரும்புகிறது?

மருத்துவர் முன்னால் எல்லோரும் நன்றாக நடப்பார்கள். பார்க்கின்சன் நோயாளிகளின் குடும்பத்தினர் அடிக்கடி சொல்லும் புகார் இது. வீட்டில் கதவு நிலை அருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல உறைந்து நிற்பவர், கிளினிக்கில் கேட்டதும் நேராக நடந்து காட்டிவிடுவார். காலில் கட்டிய சென்சார் இதை வீட்டிலேயே பிடிக்கும். உறையும் நேரத்தில் கால் நொடிக்கு 3 முதல் 8 முறை நடுங்கும். சாதாரண நடையின் அசைவு அதைவிட மெதுவானது. இந்த இரண்டு அதிர்வுகளின் விகிதத்தைக் கணக்கிட்டு உறைதலை அடையாளம் காணலாம் என்று 2008-லேயே காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு நல்ல உதாரணம், சிறுவர்களைத் தாக்கும் டுஷேன் தசைச் சிதைவு நோய். புதிய மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க, வழக்கமாகக் குழந்தையை ஆறு நிமிடம் மருத்துவமனை வராந்தாவில் நடக்கச் சொல்லி தூரத்தை அளப்பார்கள். அன்று குழந்தைக்கு மனசு சரியில்லை என்றால் முடிவே மாறிவிடும். இப்போது கணுக்காலில் சென்சார் கட்டி, அன்றாட வாழ்க்கையில் அந்தக் குழந்தை எடுத்து வைக்கும் அடிகளில் மிக வேகமான 5 சதவீத அடிகளின் வேகத்தைப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய மருந்துகள் முகமை இந்த அளவை 2019-ல் துணை அளவுகோலாகவும், 2023-ல் முதன்மை அளவுகோலாகவும் ஏற்றது. அதாவது, குழந்தை வீட்டில் ஓடியாடிய அடிகளே ஒரு மருந்தின் பலனுக்குச் சாட்சியாகலாம்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் 2019 முதல் நடந்த ‘மொபிலைஸ்-டி’ என்ற ஐரோப்பியக் கூட்டு ஆய்வும் இதே வழியில் போனது. முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு சென்சாரை ஒரு வாரம் அணியவைத்து, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இடுப்பு எலும்பு முறிவு ஆகியவை உள்ளவர்களின் நடையை அளந்தார்கள்.

இந்த முயற்சிகளில் ஒரு ஒற்றுமை உண்டு. சென்சார் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எந்த நோயாளிக்கு என்று முடிவு செய்தார்கள். அவர்களிடமே சோதித்து, பிழை எவ்வளவு என்று பார்த்தார்கள். நம் பாக்கெட்டில் இருக்கும் எண்ணுக்கு அந்த அளவு நம்பகம் கிடையாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

• ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள். மாதங்களின் போக்கைப் பாருங்கள். அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு முந்தைய உங்களோடு ஒப்பிடுங்கள். போன் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

• ஐபோனில் 2021 முதல் ‘நடை நிதானம்’ பற்றிய எச்சரிக்கை வசதி உண்டு. அடுத்த 12 மாதங்களில் விழும் வாய்ப்பைப் பற்றி அது சொல்கிறது. எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

• போனே இல்லாமலும் அளக்கலாம். தரையில் 4 மீட்டர் டேப் வைத்து அடையாளம் போடுங்கள். முன்னாலும் பின்னாலும் ஒரு மீட்டர் இடம் விட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 4 மீட்டரைக் கடக்க 4 நொடிக்கு மேல் ஆனால், நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே. தசை இழப்பைப் பற்றிய ஆசிய நிபுணர் குழு, முதியவர்களிடம் இதைக் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது.

• இன்னொரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கலாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

• நடை திடீரென்று ஒரே நாளில் மாறினால், ஒரு பக்கம் கால் இழுத்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் செயலியைத் திறந்துகொண்டு நிற்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

எண் குறைந்திருந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் கால் தசை, சமநிலைப் பயிற்சிகள், கண் பரிசோதனை, தலைசுற்றல் தரும் மாத்திரைகளை மருத்துவரிடம் மறுபரிசீலனை செய்வது, குளியலறையில் ஒரு கைப்பிடி. இவை எதற்கும் பெரிய செலவு தேவையில்லை.

இந்த எண் யாருடையது?

உடல்நிலையைச் சொல்லும் ஓர் எண், மருத்துவத் தகவல்தான். ஆனால் நம் போன்கள் அதை அப்படி நடத்துவதில்லை. ஆண்ட்ராய்டில் அடி எண்ணிக்கையைப் படிக்க ஒரு செயலி உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு மூலமான முடுக்கமானியைப் படிக்க, நொடிக்கு 200 முறை வரை, அனுமதியே தேவையில்லை. நடையை ஆராய நூறு முறையே போதும். ஒருவரின் நடை அலையை வைத்து அவர் யார் என்று அடையாளம் காணலாம் என்று 2005-லேயே பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

காப்பீட்டைப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் ஆரோக்கியச் சலுகைகள் தருவதற்கான வழிகாட்டுதல்களை நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் வெளியிட்டது. தினமும் இத்தனை அடி நடந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி என்ற திட்டங்கள் இன்று சந்தையில் உள்ளன. சலுகையாக இருக்கும் வரை நல்லதுதான். நாளைக்கு “உங்கள் நடை வேகம் குறைந்திருக்கிறது, அதனால் கட்டணம் கூடும்” என்று வந்தால்? வேலைக்கு எடுக்கும் கம்பெனி ‘வெல்னஸ் ஆப்’ வழியாக அதைப் பார்த்தால்?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் பாதுகாப்பு தரவில்லை. ஐரோப்பியச் சட்டம் தருகிறது. நம் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வருகின்றன.

இந்த இடைவெளியில் மூன்று விஷயங்கள் நடந்தாக வேண்டும். நடை தொடர்பான தரவை உடல்நலத் தரவாகவே கருத வேண்டும் என்று அரசு தெளிவாகச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் அதை வைத்துக் கட்டணத்தைக் கூட்டவோ பாலிசியை மறுக்கவோ கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் எழுத்தில் போட வேண்டும். நடையை அளப்பதாக விளம்பரம் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும், தன் கருவி யாரிடம் சரியாக வேலை செய்யாது என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்ல வேண்டும்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவையும் அம்மாவையும் நாலு மீட்டர் நடக்கச் சொல்லி, நொடியைக் குறித்துத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் கையில் இருக்கும்.